வெள்ளைப் புகை நின்றபோது

மாரிகாலத்து விடியலில் எங்கள் பாலையூற்று வீட்டு முற்றத்தில் இரண்டு மணங்கள் கலந்து நிற்கும். சவர்க்காரமும் நீலமும் போட்டு அலசிய துணியின் குளிர்ந்த மணம் ஒன்று, அப்பாவின் கார் இருமிக்கொண்டு கக்கும் பெற்றோல் புகையின் மணம் மற்றது. பள்ளிக்கூடச் சட்டையில் இரண்டும் சேர்ந்தே ஊறியிருந்ததால், கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் உடுப்பு வேறு விதமாக மணக்கும் என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது.

முற்றம் ஒடுக்கமானது. தெருவைப் பார்த்து மூக்கை நீட்டியபடிதான் காரை நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் அதன் புகைக்குழாய், எங்கள் ஊர் வழக்கில் "சைலன்சர்", நேராக அம்மாவின் துணிக்கொடியைப் பார்க்கும். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கடற்படை இருந்த நாளில் யாரோ ஓர் உத்தியோகத்தருக்காகக் கப்பலில் வந்து இறங்கிய கார் அது. பல கை மாறி, பல நிறம் மாறி, கடைசியில் அப்பாவிடம் வந்து வாடகைக்கு, "ஹயர்", ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் காலையில் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் உறும விட்டுத்தான் எடுப்பார். அந்த ஐந்து நிமிடப் புகையும் கொடியில் தொங்கும் துணிகளுக்குள் போய்த்தான் வெளியே வரும்.

அந்தத் துணிகள் சாதாரணத் துணிகளும் அல்ல. அம்மா மாதா கோவிலின் பீடத்துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவாமியார் அம்மாவைக் கூப்பிட்டு மிகவும் தயங்கித் தயங்கி, "மேரி, குறை நினைக்க வேண்டாம். பீடத்துணியில மண்ணெண்ணெய் மணக்குது" என்றார். அம்மாவின் முகம் சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் காரின் பின்னால் போய், அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"இஞ்சாருங்கோ, பெற்றோலுக்குள்ள மண்ணெண்ணெய் கலக்கிறீங்களோ?"

பெற்றோல் விலைக்குப் பயந்து அப்படிச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். ஆனால் அப்பா அதை அம்மாவுக்கு மறைத்திருந்தார். "கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டு ரயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அன்றோடு கலப்பது நின்றது. அன்றிலிருந்துதான் அம்மா ஒவ்வொரு காலையும் கொடிக்கும் காருக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்.

அவர் கார் ஓட்டத் தெரியாதவர். பொனற்றைத் திறந்தால் எது என்னவென்று சொல்லவும் மாட்டார். ஆனால் வெள்ளைத்துணியில் விழுந்த கறைகளோடு மல்லுக்கட்டியவர். கறுப்புப் புகை துணியில் மாவுபோல உட்காரும், உதறினால் பாதி போய்விடும். அப்படி வந்தால் அப்பா குளிர் ஸ்டார்ட்டுக்கு இழுத்த "சோக்"கை உள்ளே தள்ள மறந்திருப்பார், பெற்றோல் வீணாக எரிந்துகொண்டிருக்கும். நீலப் புகையின் கறை மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும், எத்தனை சவர்க்காரம் போட்டாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அது எஞ்சின் ஒயில் எரிகிற புகை. இதையெல்லாம் ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒருமுறை நீலப்புகை கூடிப்போய், அப்பா காரை அன்சார் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனார். அன்சார் நானா கிண்ணியாக்காரர், டவுனில் கராஜ் வைத்திருந்தவர், கை சுத்தமான மெக்கானிக். அவர் புகையைப் பார்த்துவிட்டு, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார். டவுனில் துணி வாங்க எங்களோடு வந்திருந்த அம்மா பின் கதவைத் திறந்து, "இது காலமை முதல் ஸ்டார்ட்டில மட்டும்தான் நீலமா வருது. பிறகு நாள் முழுக்க இல்லை. இப்பவும் நீங்கள் கனநேரம் நிப்பாட்டி வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணினதாலதான் வந்தது" என்றார். அன்சார் நானா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். நீலம் வரவில்லை. "வளையமெண்டா ஓட ஓடப் புகையும். இது மேல வால்வால இரவில சொட்டி நிக்கிற ஒயில். எஞ்சின் இறக்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம், "தங்கச்சிய இனி ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது ஒன்பது வயதான எனக்கே விளங்கியது.

நாட்டில் போர் கொஞ்சம் ஓய்ந்து, கண்டி வீதி திறந்து கிடந்த ஒரு மார்கழியில்தான் வெள்ளைப் புகை வரத் தொடங்கியது. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. "பனிக்கு எல்லாக் காரும் இப்பிடித்தான். சைலன்சருக்குள்ள நிக்கிற ஈரம் ஆவியாப் போகுது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, குளிர் காலையில் எல்லாக் காரும் அப்படித்தான். அம்மாவும் தலையாட்டினார். ஆனால் அன்று மத்தியானம் உப்புவெளிக்கு ஹயர் போய் நல்ல சூட்டோடு அப்பா திரும்பி வந்தபோது, "நிப்பாட்ட வேண்டாம்" என்று சொல்லி, ஒரு தடி நுனியில் தன் கைலேஞ்சித் துணியைக் கட்டி சைலன்சர் வாயில் பிடித்தார். எடுத்தபோது அது பிழியலாம்போல நனைந்திருந்தது. துருவின் மணம் வீசியது. கறை என்று எதுவுமில்லை.

"பனியெண்டா மத்தியானத்தில எப்பிடி?" என்றார் அம்மா. "இது தண்ணி. எங்கயோ தண்ணி எரியிற இடத்துக்குள்ள போகுது."

அன்சார் நானா வந்து ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். அதன் உட்புறத்தில் மோர் நுரைபோல ஏதோ படிந்திருந்தது. எஞ்சினைக் குளிரவைக்கச் சுற்றி ஓடும் தண்ணீரை எரியும் அறைகளுக்குள் போகவிடாமல் தடுக்கிற தகடு, அவர்கள் "ஹெட் கஸ்கட்" என்று சொல்வது, ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தது. புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரை காரை அசைக்க வேண்டாம் என்றார். "உயிர் போற அவசரமெண்டா ரேடியேற்றர் மூடிய இறுக்காம ஓடுங்க. அமுக்கம் குறைஞ்சா தண்ணி உள்ள போறதும் குறையும். ஆனா ஓடாம இருந்தாத்தான் நல்லம்."

கார் முற்றத்தில் சும்மா நின்ற மூன்றாம் நாள் காலை வேலாயுதம் மாமா வந்தார்.

அவர் நிலாவெளிக்காரர், கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவரிடம் வாழ்நாளெல்லாம் வலை இழுத்தவர், அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். ஒரு கண் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. மற்றதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. கண்டி ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை அந்தக் கண்ணுக்கு ஒப்பரேசன். அன்று மாலை ஆறு மணிக்குள் வார்டில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்த தவணை வருவதற்குள் கண் மீளாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவி கால் முறிந்து படுக்கையில். பஸ்ஸில் ஏற்றிவிட வந்த பக்கத்து வீட்டுப் பொடியன், மழையால் கண்டி பஸ் வரவில்லை என்றதும், அவரை எங்கள் படலையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டான்.

"கார் ஏலாது அண்ணை" என்றார் அப்பா. "ஹெட் கஸ்கட் போயிட்டுது. மற்ற ஹயர் கார் எல்லாம் வெளியூர் ஓட்டத்தில நிக்குது."

"சரி தம்பி, நீ என்ன செய்வாய்" என்றார் மாமா. கோபமோ கெஞ்சலோ இல்லாத குரல். திரும்பி, வேலியைத் தடவித் தடவிப் படலையைத் தேடினார். படலை இருந்த பக்கம் வேறு.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாங்கோ அண்ணை, போவம்" என்றார்.

அம்மா குசினி வாசலில் நின்றார். "கந்தளாய் தாண்ட ஏலாது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

அம்மா உள்ளே போனார். வெளியே வந்தபோது சீலை மாற்றியிருந்தார், இரண்டு கையிலும் தண்ணீர்க் கான்கள். எனக்குப் பள்ளி விடுமுறை. என்னையும் ஏறச் சொன்னார். "நானும் வாறன். புகையை நான் பாக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

அப்படித்தான் நாங்கள் புறப்பட்டோம். அப்பாவும் மாமாவும் முன்னால். மாமா மடியில் நைலோன் நூல் உருண்டையும் வலை பின்னும் ஊசியும். கை சும்மா இருந்தால் அவருக்குத் தலையிடிக்குமாம், கண் இல்லாமலே விரலால் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டு வந்தார். பின் சீற்றில் அம்மா முழங்காலில் ஏறி, முதுகை முன்னுக்குக் காட்டி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இருந்தார். நானும் அவரைப்போலவே மண்டியிட்டேன். பின்னுக்கு ஓடும் நனைந்த வீதியும், அதன்மேல் எங்கள் காரின் புகையும்.

"மெல்லிசு" என்பார் அம்மா. அப்பா ஓட்டுவார். "தடிக்குது" என்பார். அப்பா காலைத் தளர்த்துவார். "கரையுது, போங்கோ." உடனே காற்றில் கரைகிற வெள்ளை என்றால் ஆவி, பொறுக்கலாம். கரையாமல் வீதியில் படுத்துக் கிடந்தால் நீலம் கலந்திருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். தம்பலகாமத்து வயல் முழுக்க வெள்ளம் நின்றது. நான் பார்க்க ஆசைப்பட்ட கொக்குக் கூட்டத்தை அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

கந்தளாயில் நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு கான் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். மறுபடி ஸ்டார்ட் பண்ணியதும் கார் நடுங்கியது, பின்னால் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளை. மாமா வலையூசியை நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்தார். "தம்பி, நாலு சிலிண்டரில ஒண்டு வேலை செய்யேல்ல. எங்கட வள்ளத்து எஞ்சினுக்குத் தண்ணி போனாலும் இப்பிடித்தான் நொண்டும்." அப்பா ஒவ்வொரு "பிளக்"காகக் கழற்றி, முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி எஞ்சினைக் கையால் சுற்றினார். இரண்டாவது துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. நெருப்பு எரிய வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் பாய்வதை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பிளக்கைத் துடைத்துப் பூட்டியதும் மாமா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஓம், இப்ப நாலும்" என்றார்.

அதன் பிறகு காடு. கல்ஓயாச் சந்தி தாண்டி ஹபரணைப் பக்கம் போகும் அந்த நீளத்தில் வீடு இல்லை, கடை இல்லை, இரண்டு பக்கமும் மரமும் யானை மிதித்த தடமும்தான். மணி பதினொன்று கடந்திருக்கும். அம்மா "மெல்லிசு, மெல்லிசு" என்றுகொண்டு வந்தவர், ஒரு வளைவுக்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நான் பார்த்தேன். பின்னால் வீதி துலக்கமாக இருந்தது. புகையே இல்லை.

அப்பாவும் கண்ணாடியில் கண்டுவிட்டார். "பார்த்தீரோ, புகை நிண்டிட்டு! முள்ளும் இறங்குது." சூடு காட்டும் முள் உண்மையிலேயே கீழே சாய்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவர் முகம் விரிந்து, சிரித்தார். மாமாவின் தொடையில் தட்டினார். "வேலாயுதம் அண்ணை, கோணேசரும் மாதாவும் சேர்ந்து கொண்டு போகினம்."

இன்னொரு வளைவும் கடந்த பிறகுதான், "நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா.

"ஏன்? நல்லாத்தானே ஓடுது."

"உடனே நிப்பாட்டுங்கோ. வெள்ளை நிண்டது சுகமானதால இல்லை. ஆவியாப் போறதுக்குத் தண்ணி இல்லை."

அம்மா அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா பிரேக்கை மிதித்து எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் உள்ளே ஏதோ டிக் டிக் என்று கொதித்தது. பொனற்றைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது, பெயின்ற் கருகும் மணம். ரேடியேற்றரில் ஒரு சொட்டும் இல்லை. அடியிலிருந்த ரப்பர்க் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வீதியில் போயிருந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் அந்த முள்ளுக்கு அளக்க எதுவும் இல்லை, அதனால்தான் அது சாய்ந்தது. இன்னும் ஒரு கட்டைத் தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும் என்று பிற்பாடு அன்சார் நானா சொன்னார். அந்தக் காட்டு நடுவில் கண் தெரியாத ஒருவரோடு நாங்கள் நின்றிருப்போம். அப்பா பொனற் விளிம்பைச் சீலைத்துண்டால் பிடித்துக்கொண்டு, அம்மாவையே பார்த்தார். அன்சார் நானா கராஜில் பார்த்த அதே பார்வை.

கொதிக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மாமா வேலையில் இறங்கினார். அப்பா டிக்கியில் கிடந்த பழைய ரயர் ரியூப்பை நாடாவாகக் கிழித்துக் கொடுக்க, மாமா குழாயின் வெடிப்பை விரலால் தேடிப் பிடித்து, நாடாவைச் சுற்றி, தன் நைலோன் நூலை அதன்மேல் நெருக்கி நெருக்கி வரிந்து, வலைக்காரரின் முடிச்சுப் போட்டார். சுடச்சுட இருந்த குழாயில் அவர் விரல் தயங்கவேயில்லை. அம்மா வீதியோர வாய்க்காலில் ஓடிய மழைத்தண்ணீரைத் தன் சீலைத் தலைப்பில் வடித்து வடித்துக் கான்களை நிரப்பினார். ஒரு லொறிக்காரர் நிறுத்தி, "அலியா, அலியா" என்று சிங்களத்தில் யானையைச் சொல்லி எச்சரித்துவிட்டு, தன்னிடமிருந்த ஒரு போத்தல் தண்ணீரையும் தந்துவிட்டுப் போனார்.

அப்பா கைப்பிடியால் சுற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பற்றியது. நாங்கள் எல்லோரும் சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, ஒரு வெள்ளை நூல்போல, வந்தது.

"வந்திட்டுது" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. பழுதான காரின் புகையைக் கண்டு ஒருவர் சந்தோசப்படுவதை நான் அன்றுதான் கண்டேன்.

தம்புள்ளை, மாத்தளை, அங்கிருந்து ஏற்றம். ஏற்றத்தில் அம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார், அப்பா ஒரு சொல்லும் எதிர்க்காமல் அவர் சொன்னபடி மிதித்தார், தளர்த்தினார், நிறுத்தினார். கண்டி ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நின்றபோது மணி ஐந்தரை. அம்மா தனக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொற்களோடு மாமாவின் கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிப் போனார். அப்பா எஞ்சினை நிறுத்தினார். அது அங்கே மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. அந்தக் காரைக் கண்டியில் ஒரு கராஜில் விட்டுவிட்டு, அடுத்த நாள் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று கேட்டறிந்த பிறகு, நாங்கள் மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரை. மண்டியிட்டே வந்ததில் முழங்கால் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

இரண்டு மாதம் கழித்து மாமா தனியாகவே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தடித்த கண்ணாடிக்குள்ளால் அம்மாவை வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்டியில் திருத்தித் திரும்பி வந்து முற்றத்தில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், துருப்பிடித்த மட்கார்டைத் தட்டிப் பார்த்தார்.

"இதிலயோ தம்பி என்னைக் கண்டிக்குக் கொண்டுபோனது? கண் தெரிஞ்சிருந்தா ஏறியிருக்க மாட்டன்."

அப்பா சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பின்னாளில் அப்பாவிடமிருந்து அந்தக் காரை வாங்கியவர் அதை உடைத்து இரும்புக்குக் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். வேலாயுதம் மாமாவும் இல்லை, அப்பா போய் ஆறு வருடம். இப்போது கண்டி வீதி அகலமாகி, காட்டுக்கு நடுவே கறுப்பாக வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மூன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். நான் ஓட்டும் கார் பாதி பற்றரியில் ஓடுவது. சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும், பின்னால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏதும் பிழையென்றால் முன்னால் ஒரு சிவப்பு விளக்குப் பற்றும். அம்மா அதில் முன் சீற்றில் பெல்ற் போட்டுக்கொண்டு, எல்லோரையும்போல முன்னுக்குப் பார்த்தபடிதான் வருகிறார்.

போன மாதம் ஹபரணைக்கு இப்பால் அந்தக் காட்டு நீளத்தைத் தாண்டும்போது, இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு எப்பிடி அம்மா அவ்வளவு உறுதியாச் சொன்னீங்கள்? தண்ணி முடிஞ்சுது எண்டு?"

"உறுதியோ?" என்றார் அம்மா. "எனக்கு ஒரு உறுதியும் இருக்கேல்ல பிள்ளை. அப்பிடி ஒண்டை நான் அதுக்கு முதல் கண்டதேயில்லை. பிழையாவும் இருந்திருக்கலாம். நிப்பாட்டினா நேரம் போயிடும், அந்த மனுசன்ர கண் போயிடும் எண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டிருந்தது."

"பிறகு?"

"உங்கட அப்பா காலமையில இருந்து அப்பதான் முதல் தரம் சிரிச்சவர். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. அதுதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். பிறகு சொன்னனான்."